கடையில் வாங்க முடியாத செயல்திட்டம்

சில ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், என்னுடைய பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். ஏழாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை என்னிடம் சமூக அறிவியல் படித்தவள். இப்போது அரசு மகளிர் கல்லூரி ஒன்றில் இளங்கலைப் பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு. அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங், அம்மா செக்கிங். அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் பிள்ளை அவள்தான்.

காபி குடித்து முடித்ததும் வந்த காரணத்தைச் சொன்னாள்.

"டீச்சர், கடைசி செமஸ்டர்ல ப்ராஜெக்ட் வைக்கணுங்க. எங்க கிளாஸ்ல நிறையப் பேரு ஜெராக்ஸ் கடையில வாங்கிக்கிறாங்க. காசு கொடுத்தா டைட்டிலையும் பேரையும் மாத்தி, பைண்டிங் பண்ணியே கொடுத்துடறாங்க. எனக்கு அப்படி வாங்கப் பிடிக்கல. ஆனா நானா எப்படிச் செய்யறதுன்னும் தெரியலீங்க."

கையில் ஒரு தாள் வைத்திருந்தாள். 'திருப்பூர் மாவட்டப் பின்னலாடைத் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை: ஓர் ஆய்வு' என்று அதில் எழுதியிருந்தது. கடையில் பார்த்த தலைப்பு என்றாள்.

"இதுவரைக்கும் ப்ராஜெக்ட்டே செஞ்சதில்லையா கண்ணு?" என்று கேட்டேன்.

"ஏழாவதுல உங்களுக்குச் செஞ்சு கொடுத்தேனுங்களே டீச்சர். நம்ம மாவட்டத் தொழில்கள்னு. கடையில அஞ்சு ரூபாய்க்குப் படத்தாள் வாங்கி, சார்ட்ல ஒட்டி, பின்னாடி இருந்ததைப் பார்த்து எழுதினேன். பத்துக்குப் பத்து போட்டீங்க."

அவள் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. நல்ல நினைவாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

நான் போட்ட மதிப்பெண்

வளரறி மதிப்பீட்டில் செயல்திட்டத்துக்கு மதிப்பெண் உண்டு என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நாற்பது பிள்ளைகளின் செயல்திட்டங்களை இரண்டு நாளில் திருத்திப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பளிச்சென்று, ஓரத்தில் கோடு போட்டு, படம் ஒட்டி வந்த சார்ட்டுக்கு நான் முழு மதிப்பெண் போட்டுவிடுவேன். ஒரு பிள்ளை கிழிந்த நோட்டுத்தாளில், தன் அப்பா வேலை செய்யும் நிட்டிங் மெஷின் ஒரு ஷிப்டில் எத்தனை கிலோ துணி ஓட்டும் என்று கேட்டு எழுதி வந்தபோது, 'சுத்தமாக எழுதவும்' என்று சிவப்பு மையில் எழுதிப் பத்துக்கு ஆறு போட்டதும் நினைவுக்கு வந்தது.

அந்த நோட்டுத்தாள்தான் ஆய்வு. சார்ட்டில் இருந்தது கடைக்காரரின் சரக்கு. ஏழாம் வகுப்பில் ஐந்து ரூபாய்க்கு வாங்கி வந்ததற்கு நான் பத்துக்குப் பத்து போட்டேன். கல்லூரியில் அதையே கொஞ்சம் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். இளங்கலை மாணவர்கள் ஆய்வு செய்யத் தெரியாமல் திணறுகிறார்கள் என்று கல்லூரிப் பேராசிரியர்கள் வருந்தும்போது, அந்தத் திணறலில் நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அதுதான்.

சொந்த ஊரைப் படித்த மாணவர்கள்

இளங்கலை வயதில் என்ன பெரிய ஆய்வு செய்துவிட முடியும் என்று அவள் கேட்டாள். நம் மாநிலத்திலேயே நல்ல பதில்கள் உண்டு.

1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்நாட்டுப் பொருளாதாரத்தைக் கற்பிக்க முடியாது என்று அவருக்குப் பட்டது. ஒரு கேள்விப் பட்டியலைத் தயாரித்து மாணவர்களிடம் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் சொந்த ஊரைப் பற்றி விசாரித்து எழுதி வாருங்கள் என்றார். யாரிடம் எவ்வளவு நிலம், என்ன கூலி, எவ்வளவு கடன், எத்தனை மாடு, என்ன சாப்பாடு என்று மாணவர்கள் எழுதி வந்தார்கள். அந்த அறிக்கைகள் 1918இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் நூலாயின. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டும், திருநெல்வேலியின் கங்கைகொண்டானும் அதில் உள்ள ஊர்கள்.

இருபது ஆண்டுகள் கழித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தினர் அதே ஊர்களுக்கு மறுபடி போய் என்ன மாறியது என்று பார்த்தார்கள். பி.ஜே. தாமஸ், கே.சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் பதிப்பித்த அந்த மறு ஆய்வு 1940இல் வெளிவந்தது. இருவேல்பட்டுக்கு 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகிய ஆய்வாளர்கள் மீண்டும் சென்றார்கள். ஒரே ஊரின் நிலம், கூலி, சாதி உறவு ஆகியவை 90 ஆண்டுகளில் எப்படி மாறின என்று இன்று நம்மால் பேச முடிகிறது. 1916இல் விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவர்கள் கண்டதைக் கண்டபடி எழுதி வைத்ததால்தான் அது முடிகிறது.

அறிவியலிலும் உண்டு. சுப்பிரமணியன் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் இளங்கலை ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த 1928இலேயே அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இந்திய இயற்பியல் இதழில் வெளிவந்தது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததை நாம் பாடத்தில் சொல்கிறோம். பதினெட்டு வயதுக்குள் கட்டுரை எழுதியதையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வெளிநாடுகளில் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1969இல் மார்கரெட் மெக்விகார் என்ற பேராசிரியை இளங்கலை மாணவர்களைப் பேராசிரியர்களின் ஆய்வில் பங்கெடுக்க வைக்கும் திட்டத்தைத் தொடங்கினார். பின்னர் பல பல்கலைக்கழகங்கள் அதைப் பின்பற்றின.

இதையெல்லாம் சொன்னதும், "அப்ப நான் எங்க ஊரையே பார்க்கலாங்களா?" என்றாள். ஊர் வேண்டாம், உன் காம்பவுண்டைப் பார் என்றேன்.

'சும்மாதான் இருக்கேன்'

திருப்பூரில் காம்பவுண்டு என்றால் ஒரே வாசலுக்குள் எதிரெதிராக வரிசை கட்டிய வாடகை வீடுகள். அவள் இருந்த காம்பவுண்டில் 20 வீடுகள். உள்ளூர்க்காரர்கள், மதுரை, தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள். தலைப்பிலிருந்த 'மாவட்டம்' போனது. 'சமூகப் பொருளாதார நிலை' என்பதும் போனது. அந்தச் சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் போடலாம், அதனால் எதையும் அளக்க முடியாது.

"உனக்கே பதில் தெரியாத, ஆனா தெரிஞ்சுக்கணும்னு தோணுற ஒண்ணு சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "குழந்தை பொறந்ததும் நிறைய அக்காங்க பவர்டேபிள் வேலையை விட்டுடறாங்க. அப்புறம் பண்டலை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து பிசிறு வெட்டறாங்க. ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெட்டறாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க."

அதுவே கேள்வி ஆயிற்று. பிசிறு வெட்டுவது என்றால், தைத்து முடித்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சிறு கத்தரியால் நறுக்குவது. பீஸ் கணக்குக்குக் கூலி.

அவள் வழக்கமான கேள்விப் படிவம் ஒன்று தயாரித்தாள். பெயர், வயது, கல்வி, தொழில், மாத வருமானம். அடுத்த வாரம் முகம் வாடி வந்தாள். 'நீங்க என்ன வேலை செய்யறீங்க?' என்ற கேள்விக்குப் பெரும்பாலான பெண்கள், "வேலைக்கெல்லாம் போகல, வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறார்கள். சொல்லும்போதே ஒருவரின் கை கத்தரியை நிறுத்தவில்லையாம். மாத வருமானம் என்ற கட்டமும் காலி. இங்கே சம்பளம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. பண்டல் ஒரு வாரம் வரும், ஒரு வாரம் வராது. மாதக் கணக்கு யாரிடமும் இல்லை.

"நான் பார்த்ததும் அவங்க சொன்னதும் வேற வேறயா இருக்குதுங்க. எதை எழுதறது?" என்றாள்.

இந்த இடத்தில்தான் கடைச் சரக்குக்கும் சொந்த ஆய்வுக்கும் வேறுபாடு தெரிகிறது என்று நினைக்கிறேன். கடையில் வாங்கிய ப்ராஜெக்டில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். உண்மையான ஆய்வில் கட்டம் காலியாகும்; காலியானதற்கு ஒரு காரணம் இருக்கும். 'வேலை' என்ற சொல் அந்தப் பெண்களுக்குக் கம்பெனிக்குப் போவதை மட்டும் குறிக்கிறது. நாம் கேட்ட சொல்லே அவர்களுடைய உழைப்பைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டது.

கேள்வியை மாற்றினோம். "நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து தூங்கப் போற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?" என்று கேட்பது, ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் ஒரு கட்டம். இது நாங்கள் கண்டுபிடித்த முறை அல்ல. நம் நாட்டின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இலும் 2024இலும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலும், முந்தைய 24 மணி நேரத்தில் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்டார்கள். வீட்டுக்குள் நடக்கும் உழைப்பை 'வேலை' என்று பெயரிடாமலே கண்ணுக்குக் கொண்டுவரும் வழி அது.

இரண்டாம் சுற்றில் கட்டங்கள் நிரம்பின. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பின், மத்தியானச் சமையலுக்கு முன், சாயங்காலம் தண்ணீர் பிடித்த பின், இரவில் டிவி ஓடும்போது என்று அரை அரை மணி நேரமாகப் பிசிறு வெட்டும் வேலை சிதறிக் கிடந்தது. கூட்டிப் பார்த்தபோது சிலருக்கு ஒரு முழு ஷிப்டுக்குப் பக்கத்தில் வந்தது. அந்தத் தாளைப் பார்த்த ஓர் அக்கா, "இவ்வளவு நேரமா வெட்டறேன்?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டாராம்.

'யாருக்குக் குடுக்கப் போறே?'

ஒரு வீட்டில் மட்டும் பதில் கிடைக்கவில்லை. "ஏன் அம்மணி, இதையெல்லாம் எழுதி யாருக்குக் குடுக்கப் போறே? கம்பெனிக்கா, ஏஜெண்டுக்கா?" என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா. பண்டல் கொடுக்கும் ஏஜெண்டுக்குத் தெரிந்தால் அடுத்த வாரம் வேலை வராது என்ற பயம்.

நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு மூன்று விதிகள் வைத்துக்கொண்டோம். எதற்காகக் கேட்கிறோம், யார் படிப்பார்கள் என்பதை முதலிலேயே சொல்வது. பெயரும் வீட்டு எண்ணும் எழுதாமல் 1, 2, 3 என்று குறிப்பது. பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்வது. அந்த அம்மாவின் கட்டம் கடைசி வரை காலியாகவே இருந்தது. அவள் அறிக்கையில், 'ஒருவர் பதில் சொல்ல விரும்பவில்லை' என்று ஒரு வரி மட்டும் எழுதினாள்.

அந்தத் தாள்களைப் புரட்டும்போது எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. சில கட்டங்களில் 'புள்ளையும் கூட உட்கார்ந்து வெட்டினான்' என்று எழுதியிருந்தது. நேரம் இரவு எட்டிலிருந்து ஒன்பதரை வரை. அந்தக் காம்பவுண்டிலிருந்து எங்கள் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் எனக்குத் தெரியும். எந்த வீடு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு முழுக்க, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த ஒரு பையனை நான் வாரத்தில் மூன்று நாளாவது வகுப்புக்கு வெளியே நிற்க வைத்திருந்தேன். "ராத்திரியெல்லாம் என்ன பண்ணறே?" என்று கேட்பேன். அவன் தலை குனிந்து நிற்பான். நான் கேட்டது கேள்வியே அல்ல. பதில் வேண்டாமல் கேட்டது.

அடுத்த வாரத்திலிருந்து என் பாடத்துக்கான வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே முடிக்கும்படி கடைசிப் பாடவேளையில் இருபது நிமிடம் ஒதுக்கினேன். தலைமையாசிரியரிடம் பேசி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், எந்த வீட்டையும் சுட்டாமல், மாலையில் பிள்ளைகளுக்கு ஓய்வும் விளையாட்டும் வேண்டும் என்று பேசினோம். கூலி கூடாமல் இது முழுதாகத் தீராது என்று தாய்மார்கள் சொன்னார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தப் பையனை மறுபடி வெளியே நிற்க வைக்கவில்லை.

கிணற்று நீரும் ஒரு முடிவும்

இதைக் கேள்விப்பட்டு அவளோடு பள்ளியில் படித்த மாணவன் ஒருவன் வந்தான். இளங்கலை வேதியியல். டி.டி.எஸ். மீட்டர் ஒன்றைக் கொண்டு தன் பகுதியில் உள்ள ஐந்து ஆழ்துளைக் கிணறுகளின் நீரை டிசம்பரில் ஒருநாள் அளந்து, 'நொய்யல் படுகையின் நிலத்தடி நீர் மீண்டுவிட்டது' என்று முடிவுரையும் எழுதியிருந்தான்.

நொய்யலின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாத திருப்பூர் ஆசிரியர் இருக்க மாட்டார். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. 1990களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு நீர் தேங்கி, தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டும்வரை சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகுதான் கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறை இங்கே வேரூன்றியது.

அவனிடம் சில கேள்விகளை மட்டும் கேட்டேன். நான் வேதியியல் ஆசிரியர் இல்லை என்பதால் எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியரையும் கூட உட்கார வைத்துக்கொண்டேன்.

முதல் கேள்வி, மீட்டர் எதை அளக்கிறது? தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து, ஒரு காரணியால் பெருக்கி, கரைந்த உப்பின் அளவாகக் காட்டுகிறது. காரணி மீட்டருக்கு மீட்டர் மாறும். ஆகவே முதலில் ஒரு லிட்டர் சுத்திகரித்த நீரில் ஒரு கிராம் உப்பைக் கரைத்து, மீட்டர் ஆயிரத்துக்குப் பக்கத்தில் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நிறமில்லாத தண்ணீர் நல்ல தண்ணீரா? பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது, சாயம் நூலில் பிடிக்க நிறைய உப்புச் சேர்க்கிறார்கள். உப்பு துணியில் தங்குவதில்லை, தண்ணீரோடு வெளியேறுகிறது. நிறத்தை நீக்கிவிட்டாலும் கரைந்த உப்பு அப்படியே இருக்கும். அதைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கலும் வேண்டும். அதனால்தான் சுத்திகரிப்புக்கு அவ்வளவு செலவாகிறது. கண்ணுக்குத் தெளிவாக இருந்தது என்பதை மட்டும் ஆதாரமாக எழுத முடியாது.

மூன்றாவது, எப்போது அளந்தாய்? வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த நேரம். மழைநீர் இறங்கிய கிணற்றில் உப்பு குறைவாகத்தான் காட்டும். ஏப்ரலில் அதே கிணறு என்ன சொல்லும்?

அவன் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வாரம் ஒருநாள், அதே ஐந்து கிணறு, காலை அதே நேரம், மோட்டார் போட்டு ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, மூன்று முறை அளந்து எழுதினான். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் ஆதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். அந்த இரண்டு கோடுகளையும் வரைபடத்தில் போட்டு, தன் அளவுகளைப் புள்ளியிட்டான். வெயில் ஏற ஏறப் புள்ளிகளும் ஏறின. 'மீண்டுவிட்டது' என்ற வரியை அவனே அடித்துவிட்டு, 'இந்த ஐந்து கிணறுகளில், இந்த நான்கு மாதங்களில்' என்று தொடங்கி எழுதினான். ஓர் இளங்கலை மாணவன் கற்க வேண்டிய அடக்கம் அந்த வரியில் இருக்கிறது என்று எங்கள் அறிவியல் ஆசிரியர் சொன்னார்.

நம் வகுப்பில் என்ன செய்யலாம்

இந்த இருவரும் இருபது வயதில் தட்டுத் தடுமாறிக் கற்றதைப் பத்து வயதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க முடியும். எங்கள் பள்ளியில் நாங்கள் செய்து பார்த்தவை இவை.

தொடக்க வகுப்புகளில்: எண்ணுதலும் தேதியிட்டு எழுதுதலும் போதும். காலை வழிபாட்டுக்கு முன் ஐந்து நிமிடம், பள்ளி வேப்பமரத்தில் எத்தனை காகம், எத்தனை மைனா, எத்தனை தவிட்டுக்குருவி என்று ஒரு வாரம் எண்ணட்டும். திங்கள் எண்ணியதும் வெள்ளி எண்ணியதும் ஏன் வேறாக இருக்கின்றன என்று பேசட்டும். திருப்பூர்ப் பிள்ளைகளிடம் நஞ்சராயன் குளத்தைப் பற்றியும் சொல்லலாம். 2022இல் தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலமாகவும் ஆன குளம் அது. இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்து அங்கே இறங்குகிறது என்பது, யாரோ ஒருவர் போய் நின்று பார்த்து எழுதியதால்தான் நமக்குத் தெரியும்.

நடுநிலை வகுப்புகளில்: ஒரே பொருளை மூன்று பேர் தனித்தனியாக அளக்கட்டும். மேசையின் நீளமானாலும் சரி, ஒரு லிட்டர் தண்ணீர் சூடாக ஆகும் நேரமானாலும் சரி, மூன்று விடைகள் வரும். அவை ஏன் மாறின என்ற பேச்சே பாடம். வானவில் மன்றச் செயல்பாடுகளோடு இதை இணைக்க எளிதாக இருக்கிறது.

உயர்நிலை வகுப்புகளில்: ஒரு கேள்வியை நான்கு விதமாகக் கேட்டுப் பார்க்கட்டும். 'உங்கள் அம்மா வேலை செய்கிறாரா?' என்று ஒரு குழு, 'உங்கள் அம்மா நேற்று என்னென்ன செய்தார்?' என்று இன்னொரு குழு. பதில்களை ஒப்பிட்டால் பிள்ளைகளே காரணத்தைக் கண்டுபிடிப்பார்கள். வீட்டு வருமானம், கடன், சாதி போன்றவற்றை வகுப்பில் கேட்க வைக்கக் கூடாது. ஒரு பிள்ளையின் வீட்டு நிலையை இன்னொரு பிள்ளை தெரிந்துகொள்ளும் வழியாக ஆய்வு ஆகிவிடக் கூடாது.

10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிக்கலைத் தாங்களே ஆய்ந்து சொல்லும் முறையை, 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு நம் பள்ளிகளுக்கு அறிமுகப்படுத்தியது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதை ஒருங்கிணைத்தது. மாவட்ட அளவில் பிள்ளைகளை அழைத்துப் போன ஆசிரியர்கள் பலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் இன்னும் நல்ல யோசனைகள் கிடைக்கும்.

மதிப்பெண்ணையும் மாற்றிக்கொண்டேன். பத்து மதிப்பெண்ணை இப்போது இப்படிப் பிரிக்கிறேன்: பிள்ளையின் சொந்தக் கேள்விக்கு 2, தேதியிட்ட குறிப்பேட்டுக்கு 3, எண்ணியது அல்லது அளந்ததற்கு 2, 'எங்கே தவறினேன், எது தெரியவில்லை' என்று எழுதும் பத்திக்கு 2, யாரிடம் கேட்டோம், யார் உதவினார் என்று நன்றியோடு குறிப்பதற்கு 1. அழகான சார்ட்டுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. முதல் ஆண்டு சில பெற்றோர் வருத்தப்பட்டார்கள். குறிப்பேட்டைக் காட்டி, இது உங்கள் பிள்ளை தானாக எழுதியது என்றதும் புரிந்துகொண்டார்கள். திருத்தும் நேரமும் கூடவில்லை. குறிப்பேட்டை வாரம் ஒருமுறை புரட்டிக் கையொப்பமிட்டால், கடைசி இரண்டு நாள் ஓட்டம் இல்லை.

ஏப்ரலில் அந்த மாணவி தன் ப்ராஜெக்டைச் சமர்ப்பித்தாள். கையால் வரைந்த அட்டவணைகளோடு 38 பக்கங்கள். கடையில் வாங்கியவை நூறு பக்கத்துக்கு மேல் இருந்தனவாம். மதிப்பெண்ணும் அவற்றில் சிலவற்றுக்கு அவளைவிடக் கூட. அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது, எனக்கும்தான்.

"ஆனா வாய்மொழித் தேர்வுல வெளியிலிருந்து வந்த மேடம், மூணாவது அட்டவணையில ஒரு கட்டம் ஏன் காலியா இருக்குன்னு கேட்டாங்க டீச்சர். நான் பத்து நிமிஷம் பேசினேன். அவங்க குறிப்பெடுத்துக்கிட்டாங்க."

இப்போது முதுகலை படிக்கிறாள். அந்த 20 வீடுகளுக்கு மூன்று ஆண்டு கழித்து மறுபடி போகப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். முதல் அறிக்கையின் ஒரு நகலை எங்கள் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்தாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அதை எடுத்துப் புரட்டுகிறார்கள். சென்ற வாரம் ஒரு பிள்ளை வந்து, "டீச்சர், எங்க காம்பவுண்டுல தண்ணி லாரி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுன்னு நான் எழுதலாங்களா?" என்று கேட்டது. ஒரு புது நோட்டை எடுத்துக் கொடுத்து, முதல் பக்கத்தில் தேதியை எழுதச் சொன்னேன்.